உப்புக்காற்றும் சலவைக்கல் மேடையும்

சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் நெடுங்காலம் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி, தன் படிவுத் தோற்றத்தை இழந்து, ஒன்றோடொன்று இறுகப் பின்னிய கால்சைட் படிகங்களாக உருமாறிய பாறை. வேதியியல் நோக்கில் அது கால்சியம் கார்பனேட். கடற்கரையில் ஒதுங்கும் சிப்பியும் கிளிஞ்சலும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து லாரியிலும் இத்தாலியிலிருந்து கப்பலிலும் வந்து இறங்குகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், கடலோர வீட்டுச் சமையலறையில் அந்தக் கல் படும் பாட்டில் பெரும்பகுதி முன்னதாகவே விளங்கிவிடும். ஆயினும் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் புதுச்சேரியிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் புதிதாக எழும் வீடுகளுக்குச் சமையல் மேடைக் கல் பார்க்கப் போகிறவர்கள் கடையில் விசாரிப்பது பெரும்பாலும் நிறத்தையும், சதுர அடி விலையையும், கல்லின் உறுதியையும் பற்றித்தான். உறுதி என்பதையும் கடினத்தன்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். புளிப்பை அந்தக் கல் எப்படித் தாங்கும், அதன் அடியில் சேரும் ஓதம் எந்த வழியாக வெளியேறும் என்னும் கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. மேடையின் ஆயுளைத் தீர்மானிப்பவை இவ்விரண்டும்தான்.

கடினத்தன்மை என்பது ஒரு கனிமம் வேறொன்றால் கீறப்படாமல் தாக்குப்பிடிக்கும் ஆற்றல். ஃபிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோலில் மிக மென்மையான டால்க் 1 என்ற இடத்திலும் வைரம் 10 என்ற இடத்திலும் நிற்க, கால்சைட் 3இலும், கிரானைட்டின் முதன்மைக் கனிமங்களான ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் முறையே 6இலும் 7இலும் நிற்கின்றன. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்பதால், காலோடும் காற்றோடும் வீட்டுக்குள் வரும் ஒரு மணற்பருக்கை பாத்திரத்தின் அடியில் சிக்கி இழுபட்டாலே சலவைக்கல்லில் கோடு விழுந்துவிடும். ஆனால் கீறல் வேறு, அரிப்பு வேறு. தமிழ்ச் சமையலறை இந்த வேறுபாட்டைப் பாடநூல் ஏதுமின்றி அறிந்திருந்தது. வற்றக்குழம்பும் புளிக்குழம்பும் வைக்கப் பயன்பட்ட கல்சட்டி, மாக்கல் எனப்படும் கல்லால் ஆனது. மாக்கல்லின் முதன்மைக் கனிமம் டால்க், அதாவது நகத்தால் கீறினாலும் கோடு விழும் மக்னீசியம் சிலிகேட். அளவுகோலின் அடியில் கிடக்கும் அந்தக் கனிமம் புளியின் அமிலத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. அதைவிட இரண்டு படி மேலே இருக்கும் கால்சைட்டோ புளி பட்ட மாத்திரத்தில் கரையத் தொடங்குகிறது. அடியும் தேய்ப்பும் தாங்கவேண்டிய அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உரலுக்கும் கருங்கல், புளிப்பைத் தாங்கவேண்டிய சட்டிக்கு மாக்கல் என்று வேலையைப் பார்த்துக் கல்லைத் தேர்ந்த அந்த அறிவு, சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறி, எல்லா வேலையும் ஒரே பலகைக் கல்லின் மேல் நடக்கத் தொடங்கியபோது கைநழுவிப்போனது.

சுண்ணாம்புக்கு அந்தப் பழைய வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. சென்னையில் ஐரோப்பியர் கண்டு வியந்த மெட்ராஸ் சுண்ணம் என்னும் பூச்சு, கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை நன்கு அரைத்து, மெல்லிய வெண்மணல், முட்டை வெண்கரு, தயிர், நெய் முதலியன சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கை வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றியது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது; ஆகவே அந்தப் பூச்சைச் சலவைக்கல் போன்றது என்று பயணிகள் எழுதியது வெறும் உவமை அன்று, பொருளளவிலும் உண்மை. அது தூணிலும் சுவரிலும் இருந்தது. கடற்காற்று அதைத் தொட்டது, ஆனால் எலுமிச்சைச் சாறு தொடவில்லை. உள்ளே புகுந்த ஈரம் அதன் நுண்துளைகளின் வழியே மீண்டும் வெளியேறவும் முடிந்தது. கடலோரத்தில் கால்சியம் கார்பனேட் நீடிக்காது என்ற பேச்சு தவறு என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று தேவையில்லை.

சமையல் மேடையில் நடப்பது வேறு. பிழிந்த எலுமிச்சை மூடியொன்றை மெருகிட்ட வெள்ளைக் கல்லின் மேல் கவிழ்த்துவைத்துச் சிறிது நேரம் கழித்து எடுத்துத் துடைத்துவிட்டு, சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கமிருந்து பார்த்தால், மூடியின் விளிம்பளவுக்கு ஒரு மங்கலான வளையம் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. விரல் நுனியால் தடவினால் சுற்றியுள்ள வழுவழுப்புக்கு நடுவே ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். எந்தச் சோப்புக்கும் அந்த வளையம் போகாது, ஏனெனில் அங்கே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கல்லின் மேற்பரப்பு ஒரு மயிரிழையளவு குறைந்திருக்கிறது. கல்லுக்குள் வேற்றுப்பொருள் புகுந்து தங்குவது கறை, கல்லே கரைந்துபோவது அரிப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் அரிப்பைப் போக்கக் கறைநீக்கியைத் தேடி, அதிலுள்ள அமிலத்தால் அரிப்பை அகலமாக்கும் தவறு வீடுதோறும் நிகழ்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், புளியில் டார்டாரிக் அமிலமும், தயிரிலும் புளித்த மாவிலும் லாக்டிக் அமிலமும், வினிகரில் அசெட்டிக் அமிலமும் உள்ளன. தக்காளியும் மாங்காயும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. மீன்குழம்புக்குப் புளி கரைக்காத நாள் குறைவாக உள்ள கடலோரச் சமையலறையில் இந்த அமிலங்களைத் தவிர்த்துக்கொண்டு சமைக்கச் சொல்வது சமைக்கவே வேண்டாம் என்பதற்குச் சமம்.

இங்கே கடப்பா கல்லைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஆந்திரத்தின் கடப்பை வட்டாரத்திலிருந்து வரும் அந்தக் கருநிறக் கல், தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளில் அலமாரித் தட்டாகவும் மேடையாகவும் அதைத் தாங்கும் நிறுத்துப் பலகையாகவும் இரண்டு மூன்று தலைமுறைகள் உழைத்திருக்கிறது. அதுவும் சுண்ணாம்புக்கல்தான், அதிலும் புளி பட்ட இடம் சாம்பல் பூத்து வெளுக்கிறது. ஆனால் கடப்பா மேடை வைத்திருந்த பெண்கள் அதைக் கெட்டுப்போன கல் என்று ஒதுக்கவில்லை. வாரக்கடைசியில் தேய்த்துக் கழுவி, துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, அதன் கருமையை மீட்டுக்கொண்டார்கள். கல் தேயும் என்ற ஒப்புதலோடு அமைந்த உறவு அது. வெள்ளைச் சலவைக்கல்லுக்கு இந்த எண்ணெய் வைத்தியம் ஆகாது. எண்ணெய் உள்ளிறங்கி மஞ்சளாகப் பழுத்துவிடும். அந்த ஒப்புதல் மட்டும் வெள்ளைக் கல்லுக்கும் பொருந்தும். கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பில்தான் அரிப்பு வளையம் அந்நியமாகத் தெரிகிறது. கடைசிப் பாலிஷைக் கைவிட்டு மங்கல் பரப்பாக, அதாவது கடைக்காரர்கள் மேட் ஃபினிஷ் என்று சொல்லும் நிலையிலேயே நிறுத்திவிட்டால், புது வளையங்கள் பழைய மங்கலோடு கலந்து சில ஆண்டுகளில் ஒரே தோலாகிவிடும். சமையல் மேடைக்குப் பளபளப்பைக் கேட்டு வாங்குவதே சலவைக்கல்லுக்குச் செய்யும் முதல் தீங்கு என்று துணிந்து கூறலாம்.

பாலிஷ் வேலையிலேயே ஒரு வியப்பு உண்டு. கார்பரண்டம் கற்களைச் சொரசொரப்பிலிருந்து மென்மை நோக்கிப் படிப்படியாக மாற்றித் தேய்த்துக்கொண்டு வரும் தொழிலாளி, கடைசியில் ஆக்சாலிக் பவுடரைத் தூவி நீர்விட்டுத் தேய்க்கிறார், அதுவும் அமிலமே. ஆயினும் அது கால்சைட்டோடு வினைபுரியும்போது உருவாகும் கால்சியம் ஆக்சலேட், எளிதில் கரையாத மெல்லிய படலமாகப் படிகங்களின் மேலேயே தங்குகிறது. அதனால் கல் ஒளி பெறுகிறது. பழைய சிலைகளையும் முகப்புகளையும் பாதுகாக்கும் இத்தாலிய வல்லுநர்கள் அம்மோனியம் ஆக்சலேட்டைப் பூசி இதே படலத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அமிலம் என்றாலே கேடு என்று பொதுவாக ஒதுக்குவதைவிட, எந்த அமிலம் எதை விட்டுச்செல்கிறது என்று பார்ப்பதே சரி. குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எதையும் விட்டுச்செல்வதில்லை. பதித்து முடித்த மேடையில் காய்ந்து ஒட்டிய சிமென்ட் பாலைக் கழுவ அந்தப் பாட்டிலைத் திறப்பவர், குடிபுகுமுன்பே மேடையைப் பழையதாக்கிவிடுகிறார்.

புளிப்பு மேலிருந்து வருகிறது. அது கண்ணுக்குத் தெரியும். கடலோரத்தின் தனித்த தொல்லை காற்றிலிருந்தும் அடியிலிருந்தும் வருவதால் பல மாதங்களுக்குத் தெரிவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று உள்நோக்கி எடுத்து வருகிறது. கடலிலிருந்து தொலைவு கூடக்கூட அவற்றின் அளவு விரைவாகக் குறைந்தாலும், கரையை ஒட்டிய தெருக்களில் சன்னல் கம்பியைத் தடவிய விரலில் உப்புக் கரிக்கும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்னும் அளவு, ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும், அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். சென்னையின் காற்று ஆண்டின் பெரும்பாலான நாட்களில் விடியலில் இந்த எல்லைக்கு மேலும் நண்பகலில் அதற்குக் கீழும் இருப்பதால், கல்லின் நுண்துளைக்குள் புகுந்த உப்பு ஏறத்தாழ நாள்தோறும் கரைந்து நாள்தோறும் படிகமாகிறது. படிகம் வளரும்போது துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. ஓட்டுவீட்டுச் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்வதற்கும், மட்டமான சலவைக்கல்லின் விளிம்பு சர்க்கரைக் கட்டிபோல் குருணை குருணையாக உதிர்வதற்கும் காரணம் ஒன்றே.

இதனோடு சமையலின் சொந்த ஈரமும் சேர்கிறது. எரிவாயு எரிவது என்றால் அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராவியாகிறது என்றும் பொருள். வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் சற்று மேலாக நீராவி வெளிப்படும், ஆகவே 14.2 கிலோ கொண்ட ஒரு சிலிண்டர் தீரும்போது, கொதித்த குழம்பின் ஆவியைக் கணக்கில் சேர்க்காமலே, ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக அந்த அறைக்குள் வந்திருக்கிறது. பழைய அடுப்படியில் அது ஓட்டிடுக்கின் வழியாகவும் புகைபோக்கியின் வழியாகவும் போயிற்று. இன்றைய வீட்டில் சமையலறை கூடத்தோடு சுவரின்றி இணைந்திருக்கிறது, கூடத்தில் ஏசி ஓடுகிறது, கல் 24 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்திருக்கிறது. கோடை மாலையில் கடற்காற்றுக்காகச் சன்னலைத் திறந்தால், 25, 26 பாகையிலேயே பனிக்கத் தொடங்கும் அளவுக்கு ஈரம் சுமந்த காற்று அந்தக் கல்லைத் தொட்டவுடன் மேடை வியர்க்கிறது. வியர்த்த மேடையைத் தொடர்ந்து துடைத்துவிட்டால் கேடு ஒன்றும் இல்லை. துடைக்காத ஈரத்தின் மேல் இரும்பு தோசைக்கல்லையோ அரிவாள்மணையையோ ஓர் இரவு விட்டால், விடியும்போது துருவின் வட்டம் கல்லுக்குள் இறங்கியிருக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் சலவைக்கல்லுக்காக வகுத்த ஐஎஸ் 1130 என்னும் தரக்குறிப்பு, 24 மணி நேரம் நீரில் ஊறிய கல் தன் எடையில் 0.4 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்கிறது. சிறிய எண்ணாகத் தோன்றும் இதைக் கல்லின் எடையோடு வைத்துப் பார்க்கவேண்டும்: 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ இருக்கும், தரத்துக்கு உட்பட்ட கல்லே சதுர மீட்டருக்கு 190 கிராம், அதாவது ஒரு தம்ளர் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கக் கூடும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எதைக் கரைத்துக்கொண்டு வந்தது என்பதே கேள்வி. பெரும்பாலும் அது கலவையிலிருந்து வருகிறது. திருவான்மியூர் தொடங்கித் தெற்கே நீளும் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவி உவர்த்துக் கிடக்கும் இடங்கள் பல. அங்கே வீட்டு வேலைக்கு மலிவாகக் கிடைப்பது அந்தப் போர் தண்ணீரே. கம்பி பதித்த கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐஎஸ் 456 விதிக்கிறது. கூரைக்கும் தூணுக்கும் இதைக் கவனிக்கும் பொறியாளர்கூடச் சமையல் மேடையின் இரண்டரை அங்குலப் பலகையைச் சில்லறை வேலையாக எண்ணி மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார். உவர்நீரில் குழைத்த கலவை உலரும்போது உப்பு மேல்நோக்கி ஏறிக் கல்லின் மெருகுக்கு அடியில் வெண்பூவாகப் பூக்கிறது. உள்ளே கிடக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கழுவுதொட்டிக்காக வெட்டிய துளையின் மூலையில் முதலில் ஒரு மயிரிழை விரிசலும், ஓராண்டில் அதன் ஓரமாக ஒரு பழுப்புக் கோடும் தோன்றினால், கல் மோசம் என்று கடைக்காரரை நோகிறவர்கள் மேடையின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதில்லை.

துருவும் சலவைக்கல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏதென்ஸில் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பார்த்தினன் கோயிலைக் கட்டிய பழங்காலத்துக் கிரேக்கக் கொல்லர்கள் கற்களை இணைத்த இரும்புக் கொண்டிகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈரம் இரும்பைத் தொடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளரின் தலைமையில் நடந்த சீரமைப்பில் ஈயக் காப்பின்றி இரும்பு வைக்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் அது துருத்துப் பெருத்து, இரண்டாயிரம் ஆண்டுகள் நின்ற கல்லைப் பிளந்தது. பின்னர் வந்தவர்கள் அந்த இரும்பை ஒவ்வொன்றாக அகற்றி டைட்டேனியம் வைக்க நேர்ந்தது. கடலோர மேடைக்கு டைட்டேனியம் வேண்டியதில்லை. கழுவுதொட்டித் துளையைச் சுற்றிக் கல்லின் அடியில் காடி எடுத்து வலுவூட்டுவதானால் சாதாரணக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பியோ எவர்சில்வர் கம்பியோ வைப்பதும், பலகைக் கான்கிரீட்டை நல்ல தண்ணீரில் குழைத்துக் கம்பிக்குக் கீழே போதிய கனம் விடுவதும் போதும். செலவில் இவை அற்பம்.

பதிக்கும் வேலையின் தரம் காதால் அறியப்படுவது. நல்ல மார்பிள் மேஸ்திரி கலவையை மேடை முழுக்க ஒரே கனத்தில் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கல்லை இறக்கி ஒருமுறை தூக்கி, அதன் முதுகில் கலவை எங்கெல்லாம் ஒட்டவில்லை என்று கண்டு அங்கே நிரப்பி, மீண்டும் இறக்கி ரப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டிக்கொண்டு போவார். தட்டும்போது 'தம்' என்று அடங்கிய ஒலி வந்தால் அடியில் பிடிப்பு இருக்கிறது. 'டொக்' என்று எழும்பினால் பொள்ளல், அதாவது காற்றறை இருக்கிறது. அவசரக்காரர் நாலு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்துக் கல்லை அழுத்திவிடுவார். மேலே பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உலர்ந்த நாட்டில் அந்தப் பொள்ளல் வெறும் பலவீனமாக நின்றுவிடலாம். கடலோரத்தில் அது ஓதத்தின் தொட்டி; கழுவுதொட்டி ஓரமாகக் கசியும் நீரும் உப்பும் அங்கே சேர்ந்து வெளியேற வழியின்றித் தங்கி, கல்லின் வழியாகவே மேலேறுகின்றன. மூலையில் இருண்ட ஈரத்திட்டு ஒன்று மழைக்காலத்தில் தோன்றி மாசியில் மறைந்து ஐப்பசியில் மீண்டும் தோன்றுமானால் அதன் அடியில் பொள்ளல் இருக்கிறதென்று ஐயுறலாம்.

வெள்ளைக் கல்லுக்குச் சாம்பல் சிமென்ட் ஆகாது, வெள்ளைச் சிமென்டோ வெள்ளை ஒட்டுப்பசையோதான் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பச்சை மார்பிள் என்று விற்கப்படும் கல் பலவும் செர்பென்டைன் என்னும் வேறு கனிமத்தால் ஆனவை என்பதும், நீர் கலந்த கலவையின் மேல் வைத்தால் அடிப்பக்கம் மட்டும் ஈரமாகிப் பலகை வளைந்துகொள்ளும் என்பதும், அதற்கு எப்பாக்ஸிப் பசையே ஏற்றது என்பதும் அத்தனை பேருக்குத் தெரியாது. வெள்ளைக் கல்லும் வளைவதற்கு விலக்கன்று; கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து அதற்குக் குறுக்கான திசையில் சுருங்குவதால், வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும்போது படிகங்களுக்கு இடையேயான பிடி மெல்லத் தளர்கிறது. ஹெல்சிங்கியில் அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்ட ஃபின்லாந்தியா மாளிகையின் கராரா சலவைக்கல் போர்வை முழுவதும் இவ்வாறு குழிந்து வளைந்து மாற்றப்பட்டது. மெல்லிய பலகையை அடுப்பருகே வைக்கும்போது இதை நினைவிற்கொள்வது நல்லது.

இவற்றுக்கெல்லாம் மேல் காலம் என்ற பொருள் ஒன்று இருக்கிறது. கலவை இறுகி அதன் உபரி நீர் வெளியேறக் குறைந்தது நான்கு வாரங்கள் ஆகும், மழைமாதத்தில் அதற்கும் மேல். அதற்குள் சீலர் பூசினால் அந்த நீர் உள்ளேயே அடைபடும். சீலர் என்பது கல்லின் துளைகளுக்குள் இறங்கி அவற்றின் சுவரை நீர் ஒட்டாததாக்கும் திரவம்; அது எண்ணெயும் மஞ்சளும் உள்ளிறங்குவதைத் தாமதப்படுத்துமே அன்றி அமிலத்தைத் தடுக்காது, விற்பவர் எவ்வளவு உறுதி கூறினாலும். ஆவியை வெளியே விடும் இந்த ஊடுருவும் வகையைத்தான் கடலோரத்துக்குத் தேர வேண்டும். கல்லின் மேல் பிளாஸ்டிக் தோலாகப் படியும் பூச்சு வகை முதல் மழைக்கே வெளுத்து உரியத் தொடங்கும். கிரகப்பிரவேசத் தேதி கார்த்திகையில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக ஐப்பசி அடைமழையில் கல் பதித்து, பத்தாம் நாள் பாலிஷும் சீலரும் முடித்து, அடுப்பையும் ஏற்றிவிடும் வீடுகளில் அந்தக் கல்லுக்கு வாய்ப்பே வழங்கப்படவில்லை. தை, மாசியில் பதித்துச் சித்திரையில் சீலர் பூசிய மேடைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு எந்த நாட்டுக் கல் என்ற வேறுபாட்டைவிடப் பெரிது.

வந்துவிட்ட கறைகளுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. தாஜ்மகாலின் பழுப்பேறிய பரப்பின் மேல் இந்தியத் தொல்லியல் துறை முல்தானி மட்டிக் குழம்பைப் பூசி உலரவிட்டு அகற்றுவது செய்திகளில் படித்த ஒன்றுதான். உலரும் மண் துளைகளிலிருக்கும் அழுக்கைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. எண்ணெய்க் கறைக்கு அதே மண்ணை அசிட்டோனில் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு எடுப்பதை வீட்டிலும் செய்யலாம். மஞ்சள் கறைக்கு அவ்வளவும் வேண்டாம்: மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெயிலில் சிதைவது, ஆகவே சன்னலோர மேடையில் விழுந்த மஞ்சள் சில நாளில் தானே வெளுக்கும். சோப்பு பட்டு அது சிவந்தால் அஞ்சவேண்டியதில்லை. காரத்தில் அது சிவப்பது இயல்பு. துரு மட்டும் பிடிவாதமானது.

ஈர நாட்டில் சலவைக்கல் வாழாது என்பதற்கு எதிராகக் கொல்கத்தாவின் விக்டோரியா நினைவகம் 1921 முதல் நிற்கிறது. அதன் கல் மக்ரானாவைச் சேர்ந்தது, தாஜ்மகாலின் கல்லைப் போலவே. சர்வதேசப் புவியியல் அறிவியல் ஒன்றியத்தின் பாரம்பரியக் கற்கள் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் கல், படிகங்கள் நெருங்கிப் பின்னியிருப்பதால் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆகவே கடலோரத்தில் சலவைக்கல் கூடாது என்ற தீர்ப்பு மிகையானது. அடுப்பும் கழுவுதொட்டியும் புளிகரைப்பும் உள்ள பக்கத்துக்கு இந்த மண்ணின் கிரானைட்டையோ கருங்கல்லையோ வைத்து, மாவு பிசைந்து சப்பாத்தி திரட்டும் பக்கத்துக்குச் சலவைக்கல்லின் குளிர்ச்சியைப் பயன்படுத்துவது அறிவுடைய ஏற்பாடு.

கறையும் அரிப்பும் இல்லாத மேடை வேண்டும் என்பவர்கள் இப்போது குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல்லை நாடுகிறார்கள். குவார்ட்ஸைப் பொடித்துப் பிசினில் பிணைத்து வார்க்கப்படும் அந்தப் பலகையில் படிகச் சிலிக்கா பெரும்பாலும் 90 விழுக்காட்டையும் தாண்டும். சலவைக்கல்லில் அது மிகக் குறைவு. புளிக்கு அந்தப் பலகை அசையாது என்பது உண்மை. அதை உலர்நிலையில் வெட்டும்போது எழும் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் மீளமுடியாத நோயைத் தருகிறது என்பதும் உண்மை. இளம் வயதுத் தொழிலாளர்கள் அந்நோய்க்கு ஆளானது கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் தடைசெய்தது. கற்சுரங்கத் தூசு நோயால் வாடுவோருக்கு நிவாரணமும் மறுவாழ்வும் வழங்க ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் கல் பதிக்கும் கைகளில் பல அந்த மாநிலத்திலிருந்து வந்தவை. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு என்பதால் இந்தக் கவலை ஒரு கல்லோடு முடிவதில்லை. வீட்டு வாசலில் ஒரு துண்டை வாயில் கட்டிக்கொண்டு, வெண்புகை மண்டலத்துக்குள் கட்டிங் மிஷினோடு குந்தியிருக்கும் இளைஞரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் சன்னலை மூடிக்கொள்கிறார்கள், அவர் மூடிக்கொள்ள ஏதுமில்லை. வெட்டும் அலகின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு குழாய் இணைத்தால் அந்தத் தூளில் பெரும்பகுதி எழாமலே சேறாக அடங்கிவிடும். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் எந்தக் கல்லைத் தேர்ந்தாலும், விலை பேசும்போதே ஈர வெட்டும், தொழிலாளிக்குத் தூசு தடுக்கும் முகக்கவசமும், கலவைக்கு நல்ல தண்ணீரும், பதித்தபின் நாலு வார அவகாசமும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கான கூடுதல் செலவை வீட்டுக்காரரே ஏற்கவேண்டும்.